பயணத்துக்குப் பிசைந்த சோறு

பயணத்துக்குத் தயிர்சாதம் பிசையும்போது பலரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். தயிரை மிகுதியாக ஊற்றிவிடுகிறார்கள். நண்பகலுக்குள் அது புளித்துப்போகிறது. சோற்றைக் குழைய வடித்து, சூடு தணிந்தபின் காய்ச்சிய பாலை விட்டுப் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்க்க வேண்டும். டப்பாவுக்குள்ளேயே அது மெல்லத் தோய்ந்துகொள்ளும். திறக்கும்போது அப்போதுதான் பிசைந்தது போலிருக்கும். நீங்கள் சோற்றைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். ஆகவே நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புஷ்பலதா என்று உங்கள் சட்டையில் எழுதியிருக்கிறது. உதவி ஆய்வாளர் பதவியில் ஒரு பெண் இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நான் வரிசையாகச் சொல்வேன். அந்தக் காவலர் வரிசை மாறாமல் எழுதட்டும். நடுவில் குறுக்கிட வேண்டாம்.

என் பெயர் தாயாரம்மாள். கோவிலம்பாக்கத்தில் எங்கள் குடும்பம் நெல் பயிரிட்ட குடும்பம். பிறகு நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றோம். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடுகள் உள்ளன. முன்வீடு எங்களுடையது. பின்வீட்டில் என் கொழுந்தன் குப்புராஜும் அவர் மனைவி சந்திரிகாவும் இருக்கிறார்கள். இறந்துபோன விக்கி அவர்களுடைய மகன். சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். என் கணவர் கோதண்டம் மூன்றாண்டுகளுக்கு முன்பு காலமானார். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஸ்ரீரங்கன். வீட்டில் ரங்கன். சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவன். செய்தித்தாளில் படம் பார்த்திருப்பீர்கள். இப்போது அடுத்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆண்டுகளில் என் காதில் விழுந்த பேச்சுகளை இங்கே எழுத வேண்டியதில்லை. நாற்பதை நெருங்கும்போது அவன் பிறந்தான். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் தெருப் பையன்கள் பல்லாவரம் பக்கம் கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போனார்கள். போனவர்களில் ஒருவன் திரும்பவில்லை. அன்று மாலையே நான் தாம்பரம் சந்தைக்குப் போய்ச் சதுரங்கப் பலகை ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பிள்ளையை வீட்டுக்குள் ஓரிடத்தில் உட்கார வைக்க அதைவிட ஒழுங்கான விளையாட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் பிறகு பத்திரிகைக்காரர்கள் கேட்டு எழுதினார்கள். மகனின் திறமையை முதலில் கண்டுகொண்டவள் தாய் என்று எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

அவன் உட்கார்ந்தான். நான் எண்ணியதைவிட நன்றாக உட்கார்ந்தான். பயிற்சியாளர் ஜெபசீலன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மேடம், உங்க பையன் சாதாரணம் இல்ல. பாருங்க, இவன் காலு வீட்ல நிக்காது. உலகத்தையே சுத்தப் போறான்" என்றார். என் கணவர் அவருக்கு இரண்டாவது முறை காப்பி கொடுக்கச் சொன்னார். நான் கொடுத்தேன். பெற்றவளை விட்டு அவனால் இருக்க முடியாது என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

சதுரங்கம் ஆடும் பிள்ளைகளின் தாய்மார் எப்படி வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாக்பூரானாலும் கோவாவானாலும் கூடவே போக வேண்டும். விடுதி அறையில் ரகசியமாகக் குக்கர் வைத்துச் சோறு வடிக்க வேண்டும். பிள்ளை உள்ளே ஆடும்போது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். எல்லாத் தாய்மாரும் இதைச் செய்தார்கள். நான் ஒழுங்காகச் செய்தேன். வெளியில் எதையும் தின்னக் கூடாது, தண்ணீர்கூட என் கையிலிருந்துதான் என்று சிறு வயதிலேயே பழக்கிவிட்டேன். பிறந்தநாள் கேக்கைக்கூட என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். "ஆன்ட்டி, உங்கள மாதிரி எங்களால பாத்துக்க முடியாதுப்பா" என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள்.

அவனுடைய பதின்மூன்றாம் வயதில், ஒரு போட்டியின் கடைசி நாளன்று அவனுக்குச் சளி பிடித்திருந்தது. தும்மலுக்குத் தரும் சிறிய மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். அது தூக்கம் தரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பலகைக்கு முன்னாலேயே கண் செருகித் தோற்றான். அதுவரை வென்ற நாள்களில் அவன் என்னிடம் வந்ததே இல்லை. யாராவது தூக்கிக்கொள்வார்கள், யாராவது படம் எடுப்பார்கள், நான் பையை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். அன்று நேரே என்னிடம் வந்தான். ரயிலில் தாம்பரம் வரும்வரை என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

நான் அதைப் பற்றிச் சில காலம் யோசித்தேன்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும். நார்ம் என்பார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் வரும் போட்டியில் குறிப்பிட்ட அளவு புள்ளி எடுத்தால் ஒரு நார்ம். முதல் இரண்டையும் அவன் தன் அப்பாவோடு போய் வாங்கி வந்தான். அது மற்றுமொரு கோப்பை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதும் கிடைத்துவிட்டால் வெளிநாட்டு அணிகள் கூப்பிடும், ஆண்டில் பாதி நாள் அங்கேதான் இருப்பான் என்று என் கணவர் ஒருநாள் மகிழ்ச்சியோடு விளக்கினார். அந்த ஆண்டு இறுதியில் அவர் இறந்தார். மருத்துவர் எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. ஆனாலும் மாதந்தோறும் வாங்கி வைத்தேன். ஒரு பொருளை வாங்கிவிட்டு வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

கணவருக்குப் பிறகு மகனோடு மறுபடியும் நான் போனேன். கடைசிச் சுற்று பெரும்பாலும் காலையிலேயே தொடங்கும். அதற்கு முன் அவன் தயிர்சாதம்தான் சாப்பிடுவான். மற்றச் சுற்றுகளில் நான் தலையிட்டதே இல்லை. அவன் வெல்வதை நானும் விரும்பினேன். கடைசி நாளன்று, ஆட்டம் சமனில் முடிந்தாலே நார்ம் கிடைத்துவிடும் என்ற நிலை வந்தால் மட்டும், மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்தேன். அளவாகத்தான் செய்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். கன்னத்தில் கை வைத்திருப்பான், கை நழுவும், தலை தொங்கும். தொட்டிலில் தூங்கியபோதும் அப்படித்தான் வாய் சற்றுத் திறந்திருக்கும்.

இரண்டாண்டுகளில் ஐந்து முறை அரைப் புள்ளியில் தவறவிட்டான்.

பிறகு அவன் சில பழக்கங்களை வைத்துக்கொண்டான். ஆட்டத்துக்கு நடுவே எழுந்து போய் முகம் கழுவுவான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வான். எதிரே ஆடியவர் ஒருமுறை நடுவரிடம் புகார் செய்தார். கடைசிச் சுற்றைக் கண்டு நடுங்குபவன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, எனக்கு மூளைலயே ஏதோ கோளாறும்மா. நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு, கடைசி ரவுண்டுன்னா மட்டும் யாரோ லைட்ட ஆஃப் பண்ற மாதிரி அப்படியே மூடிக்குது. நான் பைத்தியமாயிடுவேனா?" என்று கேட்டான்.

"மொதல்ல சாப்பிட்டுப் படு. எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

மனநல மருத்துவரிடம் அவனை நான்தான் அழைத்துப் போனேன். அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதை அவன் தினமும் செய்கிறானா என்று நான் கவனித்துக்கொண்டேன்.

சந்திரிகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஐந்தில் முதல் போட்டிக்கு நாங்கள் புறப்பட்ட அன்று அவள் எங்கள் வாசலில் நின்று, "ஒன் புள்ள ஏரோப்ளேன்ல பறக்குது, என் புள்ள டயர மாத்திக்கினு கீது. கொடுத்து வெச்சவக்கா நீ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் தோற்று வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சந்திரிகாவின் கண் பட்டுவிட்டது என்றார்கள். நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அவள் பெயரை நான் சொல்லவில்லை. யாரோ சொன்னபோது இல்லையென்றும் சொல்லவில்லை. அடுத்த தோல்விக்குப் பிறகு அவளே அதை நம்பத் தொடங்கினாள். ரங்கன் பயணம் புறப்படும் நாள்களில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் தெருமுனை தாண்டிவிட்டான் என்று யாராவது கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் வெளியே வருவாள். தன் கண்ணைத் தானே பழித்துக்கொண்டு என்னிடம் அழுதிருக்கிறாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

சென்ற ஆண்டு ஊர் முழுவதும் சிக்குன்குனியா பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. கொல்கத்தாவில் நடந்த போட்டிக்கு விக்கி துணையாகப் போனான். ரொட்டியும் முட்டையும் வாங்கிக் கொடுத்தானாம். கடைசிச் சுற்றில் ரங்கன் சமன்கூடச் செய்யவில்லை. வென்றான். விக்கி தொலைபேசியில், "பெரியம்மா, ஒம் புள்ள கிராண்ட்மாஸ்டரு! ஆடி முடிச்ச கையோட என்னக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவுறான், என் சட்டையெல்லாம் மூக்குச்சளி" என்று கத்தினான். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். முட்டி வீங்கிப்போயிருந்ததால் நான் எழுந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. ஜெர்மனியில் ஒரு நகரத்து அணி அவனை அழைத்தது. தங்க அறை, சம்பளம், போட்டிகளுக்குப் போய்வர வசதி. முதலில் ஆறு மாதம் என்றான். பிறகு அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றான். "நீயும் ஒருதடவ வந்து பாரும்மா" என்றான். ஒருதடவை என்ற சொல்லை அவன் யோசிக்காமல் சொன்னான்.

புறப்படும் நாளன்று பிற்பகலில் விமானம். அதற்கு முன் பொத்தேரியில் தான் படித்த கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேரே மீனம்பாக்கம் போவதாக ஏற்பாடு. விக்கிதான் வண்டி ஓட்டினான். நான் தயிர்சாதம் பிசைந்தேன். வழக்கத்தைவிட அதிகமாக மாத்திரை சேர்த்தேன். வண்டியிலேயே ஆழ்ந்து தூங்கிவிடுவான். எழுப்பினால் எழ மாட்டான். அந்த நிலையில் இருப்பவனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று விக்கி திருப்பி அழைத்து வந்துவிடுவான். இதில் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை.

விக்கி டப்பாவைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியம்மா, ஜெர்மனிக்கே தயிர்சாதமா? பிளேன்ல தொறந்தான்னா ஊறுகா வாசனைல வெள்ளக்காரன்லாம் குதிச்சிடுவான், பேஜாராயிடும்" என்றான்.

"ஏர்போர்ட் போறதுக்குள்ள சாப்பிட வெச்சிடு" என்றேன்.

"நான் ஊட்டி வுட்டாவது தீத்துடறேன், நீ கவலப்படாத."

ரங்கன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கார் தெருமுனையில் திரும்பியது. பின்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. ரங்கன் மேல் தன் கண் பட்டுவிடக் கூடாது என்று சந்திரிகா அன்றும் வெளியே வரவில்லை. ஆகவே விக்கி கிளம்பிப் போனதையும் அவள் பார்க்கவில்லை.

நான் உள்ளே வந்து ரங்கனின் படுக்கையைத் தட்டி விரித்தேன். பெட்டியில் அடுக்காமல் அவன் விட்டுப்போன சட்டைகளை மடித்து வைத்தேன். மாலையில் அவன் திரும்பி வரும்போது சூடாக இருக்கட்டும் என்று ரசத்துக்குப் புளி கரைத்தேன். ரசம் நுரை கட்டும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பெருங்களத்தூரில் நெடுஞ்சாலை ஓரம் நின்றுகொண்டிருந்த மணல் லாரியின் பின்னால் கார் மோதிவிட்டது என்றார்கள். யார் என்று கேட்டேன். டிரைவர் போய்விட்டார், பக்கத்தில் இருந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். பக்கத்தில் இருந்தவரின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அடுப்பை அணைத்தேன். பிறகு பின்வீட்டுக்குப் போனேன்.

கதவைத் தட்டினேன். சந்திரிகா உள்ளிருந்தபடியே, "அக்கா, ரங்கன் போய்ட்டானா? நான் வெளிய வரலாமா?" என்று கேட்டாள்.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. மற்றவை எல்லாம் வரிசையாக நினைவிருக்கின்றன.

இனி நடந்தவை உங்களுக்கே தெரியும். இரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்தது. விக்கியின் வயிற்றில் தூக்க மாத்திரை இருந்தது. டப்பாவை அவன் கையில் கொடுத்தவன் ரங்கன். தோள் ஓரளவு கூடிவிட்டதென்று அடுத்த வாரத்துக்கு மறுபடியும் பயணச்சீட்டு எடுத்திருந்தான். நீங்கள் வந்து அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, அவனையும் அழைத்து வந்தீர்கள். சந்திரிகா தெருவில் நின்று, "கூடப் பொறந்தவன் மாரி இருந்தானேடா உங்கிட்ட! இன்னாத்தடா கலந்து குடுத்த?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

இன்று காலை இங்கே வந்தவுடன் அவனைப் பார்க்க விட்டீர்கள். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கொல்கத்தால உன் சாதம் சாப்பிடாமத்தான் ஜெயிச்சேன். அதுலேர்ந்து எனக்கு ஒரு சென்டிமென்ட்மா. சிலபேரு ஒரே பேனால எழுதுவான், சிலபேரு ஒரே சட்டைய போட்டுக்குவான். எனக்கு உன் தயிர்சாதம் ராசியில்லன்னு தோணிப்போச்சு. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. எங்க கெளம்பினாலும் வாங்கிக்குவேன், விக்கிகிட்ட குடுத்துடுவேன். அவனும் ரசிச்சு சாப்பிடுவான். அன்னிக்கும் காலேஜ் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, பெரியம்மா கை மணமே தனிடான்னு வழிச்சு வழிச்சு சாப்பிட்டான்."

அப்புறம் முதல் முறையாக என் பக்கம் திரும்பினான்.

"அது சென்டிமென்ட் இல்ல. இல்லம்மா?"

கொண்டுவந்த டப்பாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். இன்றைக்கு அதில் சோறும் பாலும் தயிரும் உப்பும் தவிர வேறொன்றும் இல்லை. வேண்டுமானால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவன் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். தண்ணீரும் வாங்கிக்கொள்ளவில்லை. தோள் வலி காரணமாக இருக்கலாம். பசி வந்தால் சாப்பிடுவான். வெளிச்சாப்பாடு அவனுக்குப் பழக்கமில்லை.

இப்போது எழுத வேண்டியதைச் சொல்கிறேன். 'கொடுக்கப்பட்டது' என்றும் 'நேர்ந்துவிட்டது' என்றும் எழுத வேண்டாம். மாத்திரையைப் பொடித்தவள் நான். சோற்றில் பிசைந்தவள் நான். ஐந்து போட்டிகளில் செய்தேன். ஆறாவதாக அன்றும் செய்தேன். ரங்கனுக்கு எதுவும் தெரியாது. விக்கி என் கையால் இறந்தான். இதோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். நான் சொன்னபடி ரங்கன் அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டிருந்தால், விக்கி இன்று உயிரோடு இருந்திருப்பான். ஒழுங்கு தவறியது என்னிடம் இல்லை. ஆனாலும் அதற்காகப் பிள்ளையைச் சிறையில் வைப்பது முறையாகாது. அங்கே போடும் சோறு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.

கையொப்பம் எங்கே இட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஒரு சந்தேகம். இந்த வழக்கில் டப்பாவைக் கையில் வாங்கியவன் அவன் ஒருவன்தான். அவன்தானே முதல் சாட்சி? சாட்சி சொல்லி முடிக்கும்வரை அவன் வெளிநாடு போக முடியாதல்லவா? எங்கள் நில வழக்கு ஒன்று செங்கல்பட்டு நீதிமன்றத்தில் என் கணவரின் காலத்துக்குப் பிறகும் முடியவில்லை. இதுவும் அப்படித்தான் இழுக்கும் என்று நினைக்கிறேன். இழுக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை. என்னை எங்கே வைத்தாலும் சரி, வாய்தாவுக்கு வாய்தா அழைத்து வருவீர்கள். அவனும் வந்து நிற்பான். பெற்றவளை விட்டு அவனால் இருக்க முடியாது என்று நான் அப்போதே சொன்னேன்.